ஈரம் காயாத பாளம்

மூன்று முறை துடைத்தாகிவிட்டது. நான்காவது முறையாக யீச்சிங் பையிலிருந்து புதுத் துணி ஒன்றை எடுத்து, அந்தத் தங்கப் பாளத்தை மேலும் கீழும் அழுத்தித் துடைத்து மேஜையில் வைத்தாள். உள்ளங்கை நீளம், இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம், கையில் எடுத்தால் அளவுக்கு மீறித் தெரிகிற கனம். தராசை விரித்து, எடைக்கற்களை வரிசையாக அடுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் அதன்மேல் வியர்வை மாதிரி பொடிப்பொடியாக நீர் அரும்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு துளிகள் ஒன்றுசேர்ந்து, விளிம்பில் இறங்கி, பலகையில் சொட்டின.

"பனி, அக்கா," என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள் ஹுயி. "ஆத்தங்கரை வீடுல்ல? உப்பு, தீப்பெட்டி, துணிமணி எல்லாமே நமுத்துத்தான் போகும்."

உப்பு நமுக்கும். தங்கம் நமுக்காது. மாவட்ட வங்கியில் தங்கம் வாங்கும் கவுண்டரில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்து, வந்ததையெல்லாம் உரசிப் பார்த்து மாற்றுச் சொன்னவளுக்கு அது தெரியும். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த மாதிரி வேலைக்கு அவள் ஒத்துக்கொள்வதே இல்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், ஊர் ஊராகக் கொள்ளையடித்த ஒரு கலகக்கார ராஜா தப்பி ஓடும்போது அவனுடைய படகுகள் இந்த ஆற்றில்தான் கவிழ்ந்தன என்று இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆற்றடியில் கிடைப்பது அரசாங்கத்துக்குச் சொந்தம். எடுத்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம். ஓய்வுபெற்ற பிறகு மரியாதைக்கு 'டீச்சர்' என்று கூப்பிட்டுக்கொண்டு எத்தனையோ பேர் அவள் வீட்டுக்கதவைத் தட்டினார்கள். வாசலோடு அனுப்பிவிட்டாள். ஆனால் முந்தாநாள் ரான் சிச்சாங் என்ற அந்த மணல்படகுக்காரர் வந்து, பேசாமல், கைபேசியில் ஒரு படத்தை மட்டும் நீட்டினார். சினிமாவில் காட்டுகிற, இரண்டு காதும் தூக்கிய படகு வடிவக் கட்டி இல்லை. அப்படி யாராவது நீட்டியிருந்தால் சிரித்திருப்பாள். இது அலங்காரமில்லாத தட்டைப் பாளம். நடுவில் உளியால் வெட்டிய எழுத்துகள். வாழ்நாள் முழுக்க மோதிரத்தையும் அறுந்த சங்கிலியையும் நிறுத்தே தேய்ந்துபோன அவள் கைகள் அந்தப் படத்தைப் பார்த்ததும் ஆசைப்பட்டன. அவ்வளவுதான். இன்று சிச்சாங்கின் மூன்று சக்கர வண்டியில் ஏறி வந்துவிட்டாள்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. வெளியே பனிமூட்டம் சன்னல்வரை வந்து நின்றது. மார்கழிக் குளிரில் ஊரெல்லாம் பன்றி இறைச்சியும் மசாலாக் கறி அடைத்த குடலும் உப்பிட்டுக் கட்டித் தொங்கவிட்டு, அவை காற்றில் இறுகிக் கறுத்து மணக்கிற காலம் அது. இந்த வீட்டுத் தாழ்வாரத்திலும் தொங்கின. ஆனால் ஒன்றுகூடக் காயவில்லை. பச்சைப் பூசணம் பூத்து, நுனியில் நீர் கோத்து நின்றன. அடுப்படியில் கொதிக்கிற ஆட்டுக்கறிச் சாறு, இஞ்சி, மிளகாய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் அடியில், வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் தங்குமே, அந்தச் சேற்று வாசனை இருந்தது.

"மூணு கிலோ நல்லி எலும்பு போட்டிருக்கேன்," என்றாள் சிச்சாங்கின் மனைவி ஹுயி. கை ஓயாமல் வேலை செய்தபடியே பேசுகிற பெண். "பையனுக்குக் குளிர். இருபத்தி மூணு நாளாச்சு, கை காலு சூடாகவே மாட்டேங்குது. எத்தனை போர்வை போட்டாலும் போர்வைதான் ஈரமாகுது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் இது. இவரைக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டார். மணல் மெஷின் பக்கத்துலயே இருந்து இருந்து காதும் போச்சு, வாயும் போச்சு."

சிச்சாங் மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யீச்சிங் வேலையைத் தொடங்கினாள். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு எழுத்துகளின் ஓரத்தைப் பார்த்தாள். வார்ப்பில் வந்த எழுத்தென்றால் விளிம்பு வழுவழுவென்று இருக்கும். உளி வெட்டியதென்றால் ஒதுங்கிய தங்கம் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். வரப்பு இருந்தது. எழுத்துகளில் இருந்தது: வருஷக் காணிக்கைப் பொன், பத்து லியாங் எடை, எழுத்தர் பெயர், தட்டான் பெயர். மேல்பரப்பில், உருக்கி ஊற்றிய தங்கம் ஆறும்போது விழுகிற பட்டுநூல் மடிப்புகள். உரைகல்லில் தீற்றி, திராவகம் ஒரு சொட்டு விட்டாள். மஞ்சள் கோடு அசையவில்லை.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. ஹுயி கொடுத்த கண்ணாடிக் கிண்ணத்தில் குழாய்த்தண்ணீர் தெளிவாக இருந்தது. பாளத்தை நூலில் கட்டித் தராசிலிருந்து அதற்குள் இறக்கினாள். காற்றில் முந்நூற்று அறுபத்தெட்டு கிராம். நீருக்குள் எவ்வளவு குறைகிறதோ அதை வைத்து அடர்த்தியைக் கணக்கிட்டாள். பத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை குறைவு. அசல். சந்தேகமே இல்லை. உருக்கி விற்றாலே எண்பத்தெட்டாயிரம் யுவான். எழுத்தோடு விற்றால் அதைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லக்கூட அவளுக்குத் தயக்கமாக இருந்தது.

தலையை நிமிர்த்தியவள் கிண்ணத்தைப் பார்த்தாள். தண்ணீர் கறுப்பாகியிருந்தது.

நாலு தடவை துடைத்த பாளம். அதன் எழுத்துகளிலிருந்து நூல் நூலாக வண்டல் புறப்பட்டு, சுழன்று, கிண்ணத்தின் அடியில் படிந்துகொண்டிருந்தது. நிற்கவில்லை. ஒரு விரல் கனத்துக்குச் சேறு.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. நெஞ்சுச் சளி இருமல் இல்லை. குடத்தைக் கவிழ்த்தால் கழுத்தில் காற்றும் நீரும் முட்டிக்கொள்ளுமே, அந்தச் சத்தம். பிறகு தரையில் எதுவோ கொட்டியது.

"வந்துட்டேன்டா, வந்துட்டேன்," என்று ஹுயி ஒரு கையில் சாற்றுக் கிண்ணமும் மறு கையில் வாளியுமாக ஓடினாள். கதவு திறந்து, அவள் நுழைந்து, காலால் அதைத் தள்ளிச் சாத்துகிறவரைக்கும் இரண்டு விநாடி இருக்கும். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய இரண்டு பாதங்களை யீச்சிங் பார்த்தாள். நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி வெளுத்து, ஊறி, சுருங்கிய பாதங்கள். இடது கணுக்காலைச் சுற்றி ஒரு கயிற்றுத் தடம். நீலமாக. ஆழமாக.

"பார்த்துட்டீங்களா, டீச்சர்?" என்றார் சிச்சாங். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வந்தார். குரல் வெளியே வரவில்லை, மூச்சுதான் வந்தது. "எங்க பையன் லெய், வேற மூணு பேரோட ஆத்துல முங்கித் தங்கம் எடுக்கப் போனான். மத்தவங்க ஏறிட்டாங்க. இவன் ஏறல. ரெண்டாம் நாள் கீழாத்துல எங்க மெஷினுக்கு அடியில ஒரு உடம்பு சிக்குச்சு. ஆளு தெரியுதான்னு கூப்பிட்டாங்க. போனேன். என் பையன்தான், டீச்சர். நெத்தியில தழும்பு, நான் வாங்கிக் குடுத்த பெல்ட்டு. ஆளு தெரியலன்னு சொல்லிட்டேன். அவ காதுல முதல்ல வேற யாரும் போட்டுடக் கூடாது, நானே சொல்லணும்னு நெனச்சேன். உடம்பு நழுவாம இருக்கணும்னு கால்ல கயித்தக் கட்டிக் கரையில முடிஞ்சது நான்தான். இந்தக் கைதான்."

கைகளை விரித்துக் காட்டினார்.

"ரெண்டு மைல் நடந்து வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்து கதவைத் திறந்தா... இதோ இந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தான். நூடுல்ஸ் தின்னுட்டிருந்தான். அவ பக்கத்துல நின்னு தலை துவட்டி விட்டுட்டிருந்தா. 'பாருங்க, வந்துட்டான், கையில என்ன கொண்டாந்திருக்கான் பாருங்க'ன்னு சிரிச்சா. நான் என்னத்தச் சொல்ல?"

கதவுக்குப் பின்னால் ஹுயியின் குரல் கொஞ்சலாகக் கேட்டது. ஒரு வாய். இன்னும் ஒரே ஒரு வாய். பிறகு ஈரத்துணியைப் பிழிகிற சத்தம்.

"அவன் சாப்பிடுறது எதுவும் உள்ள நிக்கிறதில்ல. அவ அள்ளி அள்ளிக் கொட்டுறா. அவளும் தூங்குறதில்ல. எலும்பாயிட்டா, பாத்தீங்கல்ல. நீங்க சொன்னா அவ நம்புவா. போலின்னு சொல்லிடுங்க. முலாம் பூசின செம்பு, பத்துக் காசு பெறாதுன்னு சொல்லிடுங்க. கோவத்துல ஆத்துல வீசிடுவா. அது போனா... அது போனா என் பிள்ளையும் நிம்மதியாப் போயிடுவான்னு தோணுது, டீச்சர்."

யீச்சிங் ஒரு நாளும் அசலைப் போலி என்று சொன்னதில்லை. போலியை அசல் என்றும் சொன்னதில்லை. திருட்டு நகை என்று தெரிந்தபோதுகூட மாற்றைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறாள். ஆனால் ஹுயி வாளியோடு வெளியே வந்து, கறுத்த தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி நம்பிக்கையோடு முன்னால் வந்து நின்றபோது, அந்த முகத்தின் குழி விழுந்த கண்களைப் பார்த்து வாய் தானாகத் திறந்தது.

"போலிம்மா. செம்புக்கு மேல முலாம். சுற்றுலாக்காரங்களுக்கு விக்கிற சாமான்."

ஹுயி சிரித்தாள். யாரோ கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்த சிரிப்பு. அது மெல்லத் தேய்ந்தது. "இல்ல அக்கா. ஆத்தடியில இருந்து எடுத்தான். அவ்வளவு ஆழத்துல இருந்து... இதுக்காகவா என் பையன்..."

முடிக்கவில்லை. அவளுக்கும் தெரியும் என்று அந்தக் கணத்தில் யீச்சிங்குக்குப் புரிந்தது. முதல் நாளிலிருந்தே தெரியும். தலை துவட்டிய போதே தெரியும்.

"அம்மா."

உள்ளறையிலிருந்து. இளம் குரல். அமைதியான குரல். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஏதோ கொப்பளித்தது.

"போலியா, அம்மா?"

ஹுயி அந்தக் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் குரல் மறுபடி வந்தது.

"வேற எடுத்துட்டு வரேன். நிறைய இருக்கு. நிறையப் பேர் இருக்காங்க. கேட்டாக் குடுப்பாங்க."

"வேணாம்டா," என்றாள் ஹுயி. "எனக்கு ஒண்ணும் வேணாம். நீ படு."

கதவு திறந்தது.

யீச்சிங் மேஜையைப் பார்த்தாள். மேஜையை மட்டும் பார்த்தாள். பாதங்கள் தரையில் வைக்கப்பட்டு எடுக்கப்படுகிற சத்தம். ஈரத்துணியைக் கல்லில் போட்டு எடுக்கிற மாதிரி. அருகில். இன்னும் அருகில். அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நகங்கள் இல்லை. விரல்கள் பாளத்தைச் சுற்றி மூடிக்கொண்டன. குளிர். சேற்றின் குளிர். கை பின்வாங்கியது.

பாதங்கள் வாசலைத் தாண்டின.

"டேய், சட்டைகூடப் போடாம எங்கடா போற? இந்தக் குளிர்லயா?" ஹுயி ஆணியில் தொங்கிய பஞ்சு வைத்த கோட்டை உருவிக்கொண்டு ஓடினாள். சிச்சாங் எழுந்தார். கால் பின்னி நாற்காலியோடு விழுந்தார். யீச்சிங் அவரைத் தூக்கிவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தபோது பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. படித்துறைப் பக்கமிருந்து ஹுயியின் குரல் மட்டும் வந்தது. திட்டுகிற குரல்கூட இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற குரல்.

"கையைக் குடு. குடுன்னா குடு. விட மாட்டேன்டா, இந்தத் தடவை விட மாட்டேன். மெதுவா... வழுக்குது பாரு..."

தண்ணீர் கலங்கும் சத்தம்.

"மெதுவா போடா... அம்மா வரேன்ல..."

அதன்பின் ஆறு மட்டும்.

சிச்சாங் படிகளில் உருண்டு விழுந்து ஓடினார். கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஹுயி, ஹுயி என்று கத்திக்கொண்டிருந்தவரை மீன்பிடிப் படகொன்று வந்துதான் இழுத்து ஏற்றியது. போலீஸ் வந்தது. மூழ்கித் தேடுகிறவர்கள் இரண்டு நாள் தேடினார்கள். மனைவி கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சிச்சாங் சொன்னார். யீச்சிங்கும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது பொய்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு சொல். நிஜம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்றைக்கும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். வாளி வாளியாக அள்ளிக் கொட்டிக்கொண்டு, எலும்பாகிக்கொண்டு, ஆனால் மூச்சு விட்டுக்கொண்டு. பெற்றவள் ஒருத்தியிடமிருந்து அவள் பிள்ளையைப் பிரிக்க நான் யார்? குளிக்கும்போது அழுதாள், சட்டென்று பயந்து குழாயை மூடினாள். தண்ணீர் விழுகிற சத்தத்தை அவளால் கேட்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"டீச்சர்," என்றார் சிச்சாங். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. "தராசை எடுத்துட்டு வாங்க. ஹுயி வந்துட்டா."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போனாள். யார் தடுத்திருந்தாலும் போயிருப்பாள். அன்றைக்கு அதிசயமாக வெயில் அடித்தது. குளிர்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு தரம் தலைகாட்டும் வெயில். ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, தேநீர் குடித்து, சீட்டு விளையாடி, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரைக் கடைசி வரிசையில் மட்டும் ஒருவரும் வெளியில் இல்லை. அந்த வீட்டு வாசற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

உள்ளே தரை முழுக்கக் கணுக்காலளவு நீர். வெயில் சன்னல் வழியாக அதில் விழுந்து கூரையில் ஆடியது. மேஜையில் மூன்று பேருக்குச் சோறு வைத்திருந்தது. இரண்டு நாற்காலிகளில் தாயும் மகனும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். கை கோத்தபடி. ஹுயியின் கூந்தல் முகத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதில் பாசி.

"வாங்க அக்கா," என்றாள். கொப்பளிக்கிற குரல். "அன்னிக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடாமப் போயிட்டீங்க."

அவர்கள் முன்னால் மேஜையில் இரண்டு பாளங்கள். ஆளுக்கு ஒன்று. இரண்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

சிச்சாங் சுவரோரமாக நின்றார். உலர்ந்த நீலக் கம்பளிச் சட்டை போட்டு, தலை வாரி, முகம் மழித்திருந்தார். கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்தார்.

"பார்த்துச் சொல்லுங்க, டீச்சர்," என்றார். "இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. நிஜமா, பொய்யா?"

அவர் கண்கள் தங்கத்தின் மேல் இல்லை.

யீச்சிங் தராசை விரித்தாள். எடைக்கற்கள் விரலிலிருந்து நழுவின. ஒன்று தண்ணீருக்குள் விழுந்தது, அவள் குனிந்து எடுக்கவில்லை. முதல் பாளத்தை வைத்தாள். லென்ஸ். எழுத்து. வரப்பு. இரண்டாவதை வைத்தாள். அதைப் பார்க்கும் சாக்கில் தலையை நிமிர்த்தினாள். பார்த்தாள். ஹுயியின் வெளுத்த கையில் புதைந்திருந்த கல்யாண மோதிரம். மகனின் நெற்றித் தழும்பு. பக்கத்தில் இருப்பவனின் பஞ்சுக் கோட்டில் விலகியிருந்த காலரை ஹுயியின் மறு கை தானாகப் போய் இழுத்துச் சரி செய்தது. எந்தத் தாயும் செய்கிற மாதிரி.

"நிஜம்தான்," என்றாள் யீச்சிங்.

சிச்சாங்கின் உடம்பு முழுவதும் தளர்ந்தது. கிட்டத்தட்ட ஒரு மாதமாகச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். தண்ணீரில் காலை அளைந்து நடந்து போய், மனைவிக்கும் மகனுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் கோத்த கையை விட்டார்கள். ஆளுக்கொரு கையை அவர் தோளில் வைத்தார்கள்.

உலர்ந்த நீலக் கம்பளி இரண்டு தோளிலிருந்தும் கறுக்க ஆரம்பித்தது. ஈரம் கீழே இறங்கியது. மார்பில் ஒன்றுசேர்ந்தது. கழுத்தை நோக்கி மேலேயும் ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முறை இருமினார். உதட்டோரத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு வழிந்தது.

"சூடா இருக்கு, டீச்சர்," என்று சொல்லிச் சிரித்தார் சிச்சாங். அந்தச் சிரிப்பு நிறைய வண்டல்.